பரிசில் கடாநிலை: வந்து சேராத சன்மானம் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

புறநானூற்றைப் புலமையோடு அணுகியவர்கள் பலர். இக்கட்டுரை அதைப் பசியோடு அணுகுகிறது.

புலவர் பாடிவிட்டார், மன்னன் கேட்டுவிட்டான், தலையையும் ஆட்டிவிட்டான். பரிசில்தான் இன்னும் வந்தபாடில்லை. இந்தக் கட்டத்தில் புலவர் மன்னனுக்கு நினைவூட்டிப் பாடுவதற்கென்றே பாடாண் திணையில் ஒரு துறை வகுத்திருக்கிறார்கள்: பரிசில் கடாநிலை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு புறப்படுவதற்குப் பரிசில் விடை என்று தனியாக ஒரு துறை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அன்றுமுதல் இத்துறைகளைப் பற்றி எழுதிப் பட்டம் பெற்றவர்கள் ஏராளம். ஆனால் இவை நடப்பில் உள்ள துறைகள் என்பதையும், மாதச் சம்பளமில்லாமல் சென்னையில் எழுதிப் பிழைக்கிற ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முதல் துறையிலேயே கழிக்கிறார் என்பதையும் ஆய்வுலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். சன்மானமும் நோக்கம்தான்.

ஆய்வு எல்லை

பத்திரிகைக் கட்டுரை, விளம்பர வாசகம், மருத்துவமனை ஆண்டு மலர், அடுக்குமாடி விற்பனைக் கையேடு, மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், பெரிய மனிதர்களின் சுயசரிதை (அவர்கள் எழுதாதது) ஆகியவற்றுக்குரிய சன்மானம் மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. கவிதை விலக்கப்பட்டது, கவிதைக்குப் பணம் வரும் என்ற கருதுகோளைச் சோதிக்கத் தரவு போதாது. களப்பணி தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் நடந்தது. இன்னும் வராத தொகைகளின் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தருவதாக இருந்தது. கட்டுரையை வீட்டிலும் படிப்பார்கள் என்பதால் அது கைவிடப்பட்டது.

கருதுகோள் ஒன்றே: பணம் தாமதமாவதற்குக் காரணம் பணம் இல்லாமை அன்று.

முன்னோர் பெற்ற விகிதம்

பட்டினப்பாலைக்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. பட்டினப்பாலை 301 அடி. வகுத்தால் அடிக்கு 5,315 பொன், சில்லறை தனி. சொல்லுக்கு இத்தனை பைசா என்று இன்று பேரம் பேசி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை வெறும் வயிற்றில் பார்க்க வேண்டாம். சான்று கொஞ்சம் பலவீனமானது என்பதும் உண்மை. கரிகாலனுக்குப் பல நூற்றாண்டு பிந்திய, பரணி பாடிய செயங்கொண்டார் சொல்வது அது; அடுத்தவன் வாங்கிய சம்பளம் வாய்க்கு வாய் ஏறத்தான் செய்யும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்து 194ஜே பிரிவு அன்றைக்கே இருந்திருந்தால் கரிகாலன் 10 சதவீதத்தை, அதாவது 1,60,000 பொன்னை, மூலத்திலேயே பிடித்துக்கொண்டிருப்பான். படிவம் 16ஏ எங்கே என்று கேட்டால் “ஆடிட்டர்கிட்ட சொல்லியிருக்கேன்” என்றிருப்பான்.

பதிற்றுப்பத்தின் பதிகங்கள் இதைவிட நம்பகமானவை. கிட்டத்தட்ட வவுச்சர் நடையில் எழுதப்பட்டவை அவை. பாடியவர் பெயர், பாடப்பட்டவர் பெயர், பாட்டின் எண்ணிக்கை, பெற்ற தொகை எல்லாம் ஒழுங்காக இருக்கும். செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பத்துப் பாட்டில் பாடிய கபிலருக்கு நூறாயிரம் காணம். மேற்கொண்டு, நன்றா என்ற குன்றில் ஏறி நின்று கண்ட நாடெல்லாம். இமயவரம்பனைப் பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு ஐந்நூறு ஊர், அதோடு தென்னாட்டு வருவாயில் 38 ஆண்டு பங்கு. ராயல்டி ஒழுங்காகக் கிடைத்த தமிழ் எழுத்தாளருக்கு இதுவே தலைசிறந்த சான்று. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, அரிசில் கிழாருக்கு ஒன்பது லட்சம் காணமும் அரசுகட்டிலும் கொடுத்தான். அவரோ நாட்டை நீயே ஆள் என்று சொல்லிவிட்டு அவனிடம் அமைச்சராகச் சேர்ந்துகொண்டார். நிலையான சம்பளம் என்றதும் ஃப்ரீலான்ஸ் தொழிலுக்கு முழுக்குப் போட்ட முன்னோடி அவர். கைக்கு வந்த நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏன் உத்தியோகத்துக்குப் போனார் என்று கல்லூரியில் படித்தபோது புரியவில்லை. இப்போது நன்றாகப் புரிகிறது.

நமக்கு மிக நெருங்கிய சான்று பெருங்குன்றூர் கிழாருடையது. குடக்கோ இளஞ்சேரல் இரும்பொறையைப் பாடி 32,000 காணமும், தமக்கே தெரியாமல் அமைக்கப்பட்ட ஊரும் மனையும் பெற்றார் என்கிறது ஒன்பதாம் பதிகம். கேட்க இனிமையாக இருக்கிறது. புறநானூற்றைத் திறந்தால் 210, 211ஆம் பாட்டுகளில் அதே புலவர் குடக்கோச் சேரல் இரும்பொறையிடம் பரிசில் கடாநிலை பாடிக்கொண்டிருக்கிறார். வீட்டில் எலியும் மடிந்துவிட்டது, பால் இல்லாமல் பிள்ளை தாயின் மார்பையே மறந்துவிட்டது, போய்வருகிறேன் என்கிறார். இரு சேரரும் ஒருவரே என்று கொள்வோர் உண்டு. அப்படிக் கொண்டால் தமிழில் முழு வரவுசெலவும் கிடைக்கிற பழைய கோப்பு இதுதான்: வேலை முடிந்தது, பணம் வரவில்லை, நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, அப்புறம் பணம். இரண்டே நினைவூட்டில் பணம் வந்ததைக் கவனிக்க வேண்டும். பொற்காலம் என்று சும்மாவா சொன்னார்கள்?

வாயிலோன்

அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கே பரிசில் நீட்டித்திருக்கிறான். அப்போது அவர் பாடியது 206ஆம் பாட்டு. அந்தப் பாட்டு அதியமானைப் பார்த்துப் பாடப்பட்டதன்று. வாயில் காக்கிறவனைப் பார்த்துப் பாடப்பட்டது. உன் தலைவனுக்குத் தன்னையும் தெரியாதா, என்னையும் தெரியாதா, தொழில் தெரிந்தவருக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்று அவனிடம் சொல்லிவிட்டு யாழைப் பையில் போடுகிறார். அதே ஔவையார் 101ஆம் பாட்டில் வேறு குரலில் பேசுகிறார். எத்தனை நாள் போனாலும் அவன் முதல்நாள் மாதிரியே உபசரிப்பான். பரிசில் முந்தியோ பிந்தியோ வரலாம், ஆனால் யானை தன் கொம்பிடையில் வைத்த கவளம் மாதிரி கைக்கு வருவது உறுதி என்கிறார். இவ்விரண்டில் எது முந்தியது என்பது ஆய்வுக்குரியது. 101 பணம் வந்த பிறகு பாடியது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

அந்த வாயிலோன் இன்றும் இருக்கிறான். அக்கவுண்ட்ஸ் என்பது அவன் பெயர். களப்பணியில் திரட்டிய உரையாடல் ஒன்று:

“சார், அந்த ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுத்தேனே...”

“அட, பிரமாதமா வந்துது சார்! எம்டியே படிச்சிட்டுப் பாராட்டினார்.”

“பேமெண்ட்தான் இன்னும்...”

“என்னது, வரலையா? நான் அன்னிக்கே அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிட்டேனே!”

“வரலை சார்.”

“ஐயையோ. நான் என்னன்னு கேக்கறேன். நீங்களும் ஒரு ஞாபக மெயில் போட்டுடுங்க.”

தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடு எட்டில் கொடுக்க வேண்டியவரிடம் தோன்றுவது மருட்கை, அதாவது வியப்பு. பணம் வராதது எப்போதும் அவருக்குத்தான் முதல் அதிர்ச்சி. கேட்கிறவரிடம் தோன்றுவது இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று இளிவரலுக்கு நான்கு நிலைக்களன் சொல்லியிருக்கிறார் தொல்காப்பியர். பேமெண்ட் கேட்டலை ஐந்தாவதாகச் சேர்த்துப் படித்துக்கொள்க. செய்த வேலைக்கு வரவேண்டிய கூலிதான் என்றாலும் கேட்கும்போது குரல் ஏனோ தாழ்ந்துவிடுகிறது, கைமாற்றுக் கேட்கப் போனவன் மாதிரி “அது வந்து சார்...” என்று இழுக்கிறோம். கடன்பட்டவர் அங்கே கணீரென்று பேசிக்கொண்டிருப்பார்.

அக்கவுண்ட்ஸைத் தொடர்பு கொண்டால் மேடம் லீவு. மேடம் வந்தபின் கேட்டால் வெண்டார் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகவில்லை. அது ஆனால் பான் கார்டு நகல் தெளிவில்லை. பிறகு ரத்து செய்த காசோலை. பிறகு ஐஎஃப்எஸ்சி தப்பு. ஐஎஃப்எஸ்சி 11 இலக்கம் கொண்டது. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். தமிழ் எழுத்தாளன் எப்படியும் அதை ‘ஓ’ என்று எழுதியிருப்பான் என்பது அக்கவுண்ட்ஸின் அசைக்க முடியாத நம்பிக்கை. 2020 ஏப்ரலில் அரசு வங்கிகளை இணைத்தார்களே, அதன்பின் பலருக்கு இந்தக் குறியீடே மாறிப்போனது. மேடத்துக்கு அது நல்ல வசதி. எல்லாம் முடிந்தால் வவுச்சர் போட்டாயிற்று. கையெழுத்துப் போட வேண்டிய எம்டி சிங்கப்பூரில்.

ஔவையார் கண்ட வாயிலோனுக்குப் பின்னால் ஒரு அதியமான் இருந்தான். பிந்தினாலும் அவன் கொடுப்பான். கொடுக்காவிட்டால் பழி அவன் தலையில்தான் விழும். இன்று ஆசிரியரைக் கேட்டால் அக்கவுண்ட்ஸ், அக்கவுண்ட்ஸைக் கேட்டால் அப்ரூவல், அப்ரூவலைக் கேட்டால் ஆசிரியர். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் நம் எழுத்தை ரசிப்பவர்கள், எல்லோரும் வாயிலோன்கள். அரண்மனைதான் உள்ளே காலி.

பாதையும் பயணமும்

வழியில்தான் தாமதம் என்ற மாற்றுக் கருதுகோளையும் சோதித்துவிடுவது நேர்மை. என்இஎஃப்டி 2019 டிசம்பர் 16 முதல் ஞாயிறு, தீபாவளி பாராமல் நாள் முழுதும் இயங்குகிறது. அரைமணிக்கு ஒரு தொகுதி வீதம் நாளுக்கு 48 தொகுதி. யுபிஐ 2016இல் வந்தது. கீரைக்காரம்மாவின் பெட்டி ஒரு கட்டுக்கான பணம் வந்ததை உடனே உரத்துச் சொல்கிறது. ஆக, பணம் புறப்பட நாளொன்றுக்கு 48 வண்டி இருக்கிறது. பணம் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. “பேங்க் ஹாலிடே சார்” என்ற விடையை இனி வரலாற்று ஆவணமாக மட்டுமே கருத வேண்டும்.

எதிர்த்திசையில் நிலைமை வேறு. வேலை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வரும். திங்கள் காலையில் அச்சுக்குப் போகவேண்டும், கொஞ்சம் பார்த்து முடித்துக் கொடுங்கள், உங்களை விட்டால் ஆளில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதி ஞாயிறே அனுப்பினால் அது புதன்வரை திறக்கப்படுவதில்லை. வியாழனன்று ‘சின்னக் கரெக்‌ஷன்’ வரும். அது தலைப்பில் தொடங்கிக் கட்டுரையின் கோணம்வரை போகும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்று கோப்புகள் பெருகி, கடைசியில் முதலில் அனுப்பியதே நன்றாக இருந்தது என்பார்கள். இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: அவசரம் அழிவதில்லை, கைதான் மாறுகிறது. வேலை கொடுக்கும்போது அவர்களிடம் இருந்த அவசரம் முழுதும் அப்படியே, ஒரு துளி குறையாமல், பணம் கேட்கும்போது நம்மிடம் இருக்கும்.

இடைப்பிறவரல்

மேற்படி பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு மாமியின் பார்சல். கீழ்வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும், மாடிவீட்டுக்கு பிளம்பர் வந்தாலும் சாவி இங்கேதான். “நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க” என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அதற்கான கூரியர் கட்டணத்தை அந்தந்த வீட்டாருக்கு இன்வாய்ஸ் போடலாமா என்று வீட்டில் கேட்டதற்குக் கிடைத்த பதில் ஆய்வு எல்லைக்குள் வராது.

கடாவும் முறைகள்

நேரே கேட்பது நாகரிகமில்லை என்று நாம் நம்புகிறோம். எனவே வாழ்த்துகிறோம். பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் தமிழ் எழுத்தாளர்கள் அனுப்பும் வாழ்த்துகளில் கணிசமானவை பாக்கி உள்ள இடங்களுக்கே போகின்றன. பாக்கி வைக்காதவருக்கு வாழ்த்து அனுப்ப மறந்துவிடுகிறோம். தம் பெயர் அதிகாலையில் நம் நினைவுக்கு வந்ததே என்று நெகிழ்ந்து பாக்கிக்காரர்கள் கைகூப்பும் குறி ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள். அது நன்றியா, மன்னிப்பா, இத்தோடு விட்டுவிடு என்ற வேண்டுகோளா என்பது உரையாசிரியர்களாலும் முடிவுகட்ட முடியாதது. இருந்தாலும் மரபு வழுவவில்லை. சங்கப் புலவரும் மன்னனின் தேரையும் யானையையும் வென்ற போரையும் வரிசையாகப் போற்றிவிட்டுத்தான் தம் வீட்டு அடுப்புக்கு வருவார். நாம் “நேத்து உங்க தலையங்கம் படிச்சேன் சார், அபாரம்” என்பதிலிருந்து “அப்புறம்...” என்பதற்கு வருகிறோம்.

2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீலக்குறியைக் கொண்டுவந்தபோது இத்துறையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அதுவரை அவர் பார்க்கவில்லை என்று நம்பலாம். அதற்குப் பிறகு நம்ப வழியில்லை. அறிவியல் வளர வளர மனிதனுக்கு ஆறுதல் குறைகிறது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

இராமச்சந்திரக் கவிராயரின் தனிப்பாடல் ஒன்று விளம்பர எழுத்தாளர்கள் கட்டாயம் அறியவேண்டியது. கல்வி, கொடை, வீரம் ஒன்றும் இல்லாத ஒருவனிடம் அவை எல்லாம் இருப்பதாகப் பாடுகிறார். அவன் பரிசில் இல்லை என்று சொல்லிவிடுகிறான். இல்லாததைச் சொன்னதற்கு ‘இல்லை’ என்பதே தக்க கூலி என்று கவிராயர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வெட்டவெளிப் பொட்டலை நகரின் இதயத்தில் அமைந்த சொர்க்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அவ்வளவு பெருந்தன்மை வருவதில்லை.

கோபித்துக்கொண்டு போவதும் ஒரு முறை. பெருஞ்சித்திரனார் இதில் ஆசான். வெளிமானின் தம்பி சிறிது கொடுத்தான். வேண்டாம் என்று எழுந்துபோய், குமணனிடம் யானை பெற்று, அதைக் கொண்டுவந்து இவனுடைய காவல் மரத்தில் கட்டிவிட்டு, இதுதான் பரிசில், பார் என்றார். அடுத்த இடத்தில் வந்த பணத்தின் குறுஞ்செய்தியைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைப்பது அதன் தேய்ந்த வடிவம். அதியமான் தம்மை நேரில் பாராமலே பொருள் அனுப்பினான் என்பதற்காகவும் அதை மறுத்திருக்கிறார் பெருஞ்சித்திரனார். காணாமல் கொடுப்பதை வாங்க நான் வாணிகனா என்று கேட்டார். முகம் பாராமல், குரல் கேளாமல், சத்தமில்லாமல் பணம் அனுப்பிவிடுகிற அப்படி ஒரு மன்னனின் எண் கிடைத்தால் இவ்வாய்வாளருக்குத் தெரிவிக்கவும்.

பாடமாட்டேன் என்று மிரட்டவும் அன்று முடிந்தது. பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்று நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறியிருக்கிறான். புலவர் பாடாமை மன்னனுக்குச் சாபமாக இருந்தது. இனி உங்களுக்கு எழுதமாட்டேன் என்று நாம் சொன்னால் மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கும். ஒரு நினைவூட்டு குறைந்தது.

சட்டம் பற்றி ஒரு குறிப்பு

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற சிறு சேவைத் தொழில் செய்கிறவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017இல் சமாதான் என்று ஓர் இணையதளமும் வந்தது. நியூயார்க்கில் அதே 2017இல், 800 டாலரும் அதற்கு மேலும் பெறுமான ஃப்ரீலான்ஸ் வேலைக்குத் தேதி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளில் பணம் தந்தாக வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எழுதுகிறவர்கள் ஏன் சமாதான் பக்கம் போவதில்லை என்று கேட்கலாம். கூட்டு வட்டியோடு வாங்கிவிடலாம். அடுத்த வேலையை யார் தருவது? யாழைப் பையில் போட்டுக்கொண்டு எத்திசையும் போகலாம் என்றார் ஔவையார். எத்திசையிலும் அதே நாலு ஆசிரியர்கள்தாம் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர் காலத்துக்குப் பிந்திய வளர்ச்சி.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பணம் இருக்கிறது, அதை அனுப்ப வண்டியும் இருக்கிறது, அனுப்பு என்று சொல்கிற பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை. மலர் வெளியீட்டு விழாவுக்குப் பூமாலை கொண்டுவந்தவருக்கு அன்று மாலையே பணம் கொடுத்தார்கள். ஹால்காரருக்கு முன்பணமே கொடுத்தார்கள். இவர்களிடம் கேட்க எந்த மேடமும் லீவு போடவில்லை.

பரிந்துரை புதிதன்று. ஆவூர் மூலங்கிழார் பரிசில் நீட்டித்த பாண்டியன் நன்மாறனிடம் சொன்னதுதான், புறநானூறு 196. முடிந்ததைக் கொடு, முடியாததை முடியாது என்று சொல், இரண்டும் நல்லதே. முடியாததை முடியும் என்று இழுத்தடிப்பதும், முடிவதை இல்லை என்பதும் கேட்டவரை வருத்தும், கொடுப்பவர் பேரையும் கெடுக்கும். ‘தர இயலாது’ என்று நேர்படச் சொன்ன மின்னஞ்சல் ஒன்றுகூட இவ்வாய்வுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையே முதன்மைச் சான்றாகக் கொண்டு நன்றியுரை எழுதியிருக்கலாம்.

இக்கட்டுரையோடு இன்வாய்ஸ், பான் கார்டு நகல் (தெளிவானது), ரத்து செய்த காசோலை நகல், ஐஎஃப்எஸ்சி (ஐந்தாவது இலக்கம் பூஜ்யம்) எல்லாம் இணைத்திருக்கிறேன். ஆசிரியர் அவர்கள் பாராட்ட வேண்டாம். ஒரு தேதி சொன்னால் போதும்.